மீனின் செவுளில் லங்காவியின் பெயர்

கடாரம் என்றவுடன் தமிழாசிரியர் நாவில் முதலில் எழுவது இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பே. பூசாங் பள்ளத்தாக்கின் சிதைவுகள் அடுத்து வரும். தோட்டத் தமிழரின் கதை அதற்கும் பின்னரே வரும். கெடா மாநிலத்துத் தீவாகிய லங்காவியின் பெயரை விலங்கியல் ஏட்டில் ஏற்றிய ஒரு சிறு புழுவின் வரலாற்றையோ பேசுவாரில்லை. அதுவும் இம்மண்ணின் வரலாறே.

கோலக் கெடாவிலும் தஞ்சோங் டாவாயிலும் கரையேறும் மீன் அலோர் ஸ்டார், சுங்கைப் பட்டாணிச் சந்தைகளுக்குச் சென்று தோட்டத்துச் சமையற்கட்டையும் எட்டுகிறது. மீன் கழுவுவோர் செவுளைக் கிள்ளி எறிகின்றனர். எறியப்படும் அச்செவுளில்தான் தட்டைப்புழுக்கள் பல வாழ்கின்றன. யாவற்றையும் 'புழு' என்ற ஒரு சொல்லால் நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆயின், நாடாப்புழுவுக்குக் குடலே இல்லை. இரு உறிஞ்சிகள் கொண்ட இலைப்புழு பெரும்பாலும் நத்தையில் தன் இளமையைக் கழித்தே மீனை அடையும். மூன்றாம் வகையோ ஒரே மீனில் தன் வாழ்வை முடித்துக்கொள்வது. உடலின் பின்முனையில் கொக்கிகள் தாங்கிய பற்றுறுப்பு உடையது. இம்மூன்றாம் வகை மனித உடலில் வாழாது; ஆகவே மீனுண்போர் அஞ்ச வேண்டுவதில்லை.

இவ்வேறுபாடு எளிதில் தெளிவாகவில்லை. 1858இல் பெல்சிய நாட்டு வான் பெனடன் என்பார், ஓருயிரில் வளர்வன, பல உயிர்களில் மாறி மாறி வளர்வன என இவற்றைப் பிரித்தார். 1863இல் காருஸ் முதல் பிரிவுக்கு 'மோனோஜீனியா' என்று பெயர் சூட்டினார். எனினும் நெடுங்காலம் அவை இலைப்புழுவின் கிளையாகவே எண்ணப்பட்டன. 1937இல் சோவியத்து அறிஞர் பிகோவ்ஸ்கி அவற்றைத் தனி வகுப்பாக உயர்த்தினார்.

உருப்பெருக்கியில் நோக்கினால் இப்புழுவின் அமைப்பு வியப்பூட்டும். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்தவை. பின்முனையில் பெருங்கொக்கிகள் இரண்டு இணை. விளிம்பில் பதினான்கு சிறு கொக்கிகள். ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் ஓருடலிலேயே உண்டு. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு குற்றிழைகளை அசைத்து நீந்தித் தனக்குரிய மீனைத் தேடும். கொக்கியின் வளைவும் புணர்ச்சிக் குழலின் வடிவுமே ஓரினத்தை மற்றோர் இனத்தினின்று பிரித்துக் காட்டுவன. ஈற்றெழுத்தைக் கொண்டு எச்சத்தையும் முற்றையும் பிரித்தறியும் இலக்கண ஆசிரியர்க்கு இது புதிதன்று.

இந்நாட்டில் இக்கலையை வளர்த்தவர் மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சூசன் லிம் லீ ஹோங். துணைவரோடு சேர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட புதிய இனங்களை அவர் விவரித்தார். 2009இல் இலண்டன் அறிஞர் கிப்சனுடன் சேர்ந்து, லங்காவிக் கடலில் பிடிபட்ட எஃபிப்பிடே குடும்ப மீனின் செவுளில் கண்ட புழுவுக்குச் 'சுந்தாட்ரீமா லங்காவியென்சே' எனப் பெயரிட்டார். விலங்குப் பெயர்களுக்கு விதி வகுக்கும் பன்னாட்டு ஆணையத்தில் இடம்பெற்ற முதல் மலேசியரும் அவரே. 2014இல் அவர் மறைந்தார். 2021இல் பிரேசில் கடற்கரைக் கெளிற்று மீனின் மூக்குக் குழியில் காணப்பட்ட புழுவினத்துக்கு அந்நாட்டார் 'சூசன்லிமோகோட்டிலே' என்று அவர் பெயரையே வைத்தனர்.

தமிழ்நாட்டுத் தொடர்பும் இதில் உண்டு. தரங்கம்பாடியில் வாழ்ந்த சமயத் தொண்டர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான், மீன்கள் பலவற்றைப் பெர்லினில் இருந்த மருத்துவர் பிளாக்குக்கு அனுப்பினார். நம்மவர் கத்தாழை என்றும் மலாய்க்காரர் கெலாமா என்றும் வழங்கும் மீன்வகையில் ஒன்றுக்கு 'ஜோனியஸ்' என்று பிளாக் பெயரிட்டது அவர் நினைவாகவே. அதே கத்தாழைக் குடும்பத்து மீனொன்றுக்குப் பிளாக் 1793இல் பெயர் தந்தார். மலேசியக் கடலில் அம்மீனில் வாழும் 'மலாயானம்' என்ற புழுவுக்கோ 2010இல்தான் லிம் குழுவினரால் பெயர் கிட்டிற்று. மீனுக்கும் அதன் புழுவுக்கும் இடையே 217 ஆண்டுகள்!

பெயரிடுவது வீண்வேலை என்பார் கடலோரக் கூண்டுகளில் சியாக்காப்பும் கெராப்புவும் வளர்ப்போரைக் கேட்கட்டும். திறந்த கடலில் மீனுக்குப் பெருந்தீங்கு செய்யாத புழு, நெருக்கமான கூண்டில் பல்கிப் பெருகி மீனைக் கொல்லும். தோலில் ஒட்டும் பெரும்புழுவின் முட்டைகள் நீண்ட இழைகளால் வலையில் சிக்கிக்கொள்வதால், மீனை மட்டும் தூய்மை செய்து பயனில்லை. மீனைச் சிறிது நேரம் நன்னீரில் விட்டால் அப்புழு வெளுத்து உதிரும். செவுளில் ஒளியும் சிறுபுழு அத்துணை எளிதில் பிடிவிடுவதில்லை. ஆகவே மருந்தைத் தேடுமுன் கொக்கியைப் பார்க்கிறார்கள்.