வள்ளலார் எழுத்துகளின் தொகுப்பு வரலாறு

திருவருட்பிரகாச வள்ளலார் எனப்படும் சிதம்பரம் இராமலிங்க அடிகள் (1823–1874) பாடிய பாடல்களும், அவர் எழுதிய உரைநடை, உரை விளக்கம், கடிதம், அறிவிப்பு முதலியனவும் திருவருட்பா என்னும் பொதுப்பெயரில் வழங்குகின்றன. அடிகள் இவற்றைத் தாமே ஒன்றுசேர்த்து வைத்தாரல்லர். அன்பர் வீடுகளில் கிடந்த ஏடுகளையும் தாள்களையும் தேடி, படியெடுத்து, வகைப்படுத்தி, காலமுறைப்படுத்திய பணி 1860-களில் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நடந்தது. தமிழில் ஒரு தனி ஞானியின் எழுத்துகளுக்கு நிகழ்ந்த நீண்ட, நுட்பமான தொகுப்பு முயற்சிகளுள் இதுவும் ஒன்று.

எழுத்துகள் சிதறிய சூழல்

அடிகள் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்து, சென்னை ஏழுகிணறுப் பகுதியில் வளர்ந்தார். 1858 அளவில் சென்னையை விட்டு நீங்கிக் கருங்குழியில் தங்கினார். 1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவினார். 1870 முதல் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் உறைந்தார். சென்னைக் காலத்தில் கந்தகோட்டம், திருவொற்றியூர், திருத்தணிகை ஆகிய தலங்களைப் பற்றிப் பாடியவை அங்குள்ள நண்பர்களிடம் தங்கிவிட்டன. தில்லை பற்றிய பாடல்கள் கருங்குழியிலும் கடலூர்ப் பக்கத்து அன்பர்களிடமும் இருந்தன. வடலூர், மேட்டுக்குப்பப் பாடல்கள் உடனிருந்த தொண்டர்கள் கையில் இருந்தன. பாடியவற்றை அச்சிட வேண்டும் என்னும் விருப்பம் அடிகளிடம் இல்லாமையால், ஒரே பாடலுக்குப் பல படிகள் உண்டாகிப் பாடவேறுபாடுகளும் பெருகின.

எனினும் அச்சுத்தொழில் அடிகளுக்குப் புதிதன்று. ஒழிவிலொடுக்கம் (1851), தொண்டமண்டல சதகம் (1855), சின்மய தீபிகை (1857) ஆகிய பிறர் நூல்களை அவரே பதிப்பித்துள்ளார். தம் உரைநடை நூலாகிய மனுமுறைகண்ட வாசகத்தை 1854-இல் வெளியிட்டார். பிறர் நூல்களைப் பேணிப் பதிப்பித்தவர் தம் பாடல்களை மட்டும் அச்சேற்றாமல் விட்டார் என்பது இவ்வரலாற்றில் நினைவிற்கொள்ளத்தக்கது.

முதல் திரட்டு

பாடல்களைத் திரட்டும் முயற்சியை முதலில் மேற்கொண்டவர் இறுக்கம் இரத்தின முதலியார். புதுவை வேலு முதலியாரும் சிவானந்தபுரம் செல்வராய முதலியாரும் துணைநின்றனர். பாடல்களை அனுப்பி வைக்குமாறு இரத்தின முதலியார் பலமுறை வேண்டியும் அவை வந்து சேரவில்லை. பாடற்கட்டு கைக்கு வரும்வரை நாளொன்றுக்கு ஒருவேளை மட்டுமே உண்பதென அவர் நோன்பு பூண்டார். அச்செய்தி அறிந்து அடிகள் மனமிரங்கி எழுதிய கடிதம் இன்றும் திருவருட்பாவின் திருமுகம் எனப்படும் கடிதப் பகுதியில் உள்ளது. ஒரு தொண்டரின் பட்டினியே திருவருட்பாவை அச்சுக்குக் கொண்டுவந்தது எனலாம்.

இசைவு தந்தபின்பும் அடிகள் ஒரு கட்டுப்பாடு விதித்தார். இராமலிங்கசாமி என்று தம் பெயரை வழங்குவது ஆரவாரமாகத் தோன்றுவதால் அது தமக்கு உடன்பாடன்று என்று எழுதினார். கடிதங்களில் அவர் இட்ட கையொப்பம் 'சிதம்பரம் இராமலிங்கம்' என்பதே. முகப்பில் திருவருட்பிரகாச வள்ளலார் என்னும் பெயரைப் பொறித்தவர் அவருடைய மாணவரும், பின்னாளில் சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கியவருமான தொழுவூர் வேலாயுத முதலியார்.

வேலாயுத முதலியாரே பாடல்களை ஆறு திருமுறைகளாக வகுத்தவர். முதல் நான்கு திருமுறைகள் அடங்கிய நூல் 1867-இல் சென்னையில், மயிலை சிக்கிட்டிச் செட்டியாரின் உதவியோடு வெளிவந்தது. பாடல்கள் கிடைத்த விதத்தையும் வகுத்த முறையையும் கூறும் 'திருவருட்பா வரலாறு' என்னும் செய்யுட் பகுதியை வேலாயுத முதலியார் இயற்றி நூலோடு சேர்த்தார். தொகுப்பாசிரியர் தம் தொகுப்புமுறைக்குத் தாமே விளக்கம் எழுதி வைத்தமையால் பின்வந்த பதிப்பாசிரியர்களுக்கு அது முதன்மைச் சான்றாயிற்று.

ஆறு திருமுறைப் பகுப்பு

ஆறெழுத்து மந்திரத்தை ஒட்டித் திருமுறைகள் ஆறாக வகுக்கப்பட்டன. காலத்தை அடிப்படையாகக் கொள்ளாமல் பொருளையும் தலத்தையும் யாப்பின் பெருமையையும் நோக்கிச் செய்த பகுப்பு இது. திருவடிப்புகழ்ச்சி, விண்ணப்பக் கலிவெண்பா, நெஞ்சறிவுறுத்தல், சிவநேச வெண்பா, மகாதேவ மாலை போன்ற பெருநூல்கள் முதல் திருமுறையில் இடம்பெற்றன. அடிகளின் இளமைக்காலப் பாடல்களாகிய திருத்தணிகைப் பதிகங்கள் ஐந்தாம் திருமுறைக்குத் தள்ளப்பட்டன. சன்மார்க்கக் கொள்கை முழுமையாக வெளிப்படும் பிற்காலப் பாடல்கள் ஆறாம் திருமுறைக்கென ஒதுக்கப்பட்டன.

இப்பகுப்பும் நூலின் பெயருமே பெரும் சர்ச்சைக்கு வித்திட்டன. சைவத் திருமுறைகளுக்குரிய பெயரைச் சமகாலத்தவர் ஒருவரின் பாடல்களுக்கு இடுவதை யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் கடுமையாக எதிர்த்தார். 1869-இல் போலியருட்பா மறுப்பு என்னும் கண்டன நூல் வெளிவந்தது. அதே ஆண்டில் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது. அடிகளுக்கும் நாவலருக்கும் பின்னரும் இருதரப்பு மாணவர் பரம்பரையினரிடையே கண்டன நூல்கள் தொடர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நா. கதிரைவேற் பிள்ளையும் மறைமலை அடிகளும் எதிரெதிர் நின்று வாதிட்டனர். இருதரப்புக் கண்டனங்களையும் ப. சரவணன் ஒரே நூலாகத் தொகுத்துள்ளார். பாடல்களின் தகுதி காலத்தால் நிலைபெற்றுவிட்டமையால் இச்சர்ச்சை இன்று பதிப்பு வரலாற்றுக்குப் பயன்படுகிறது.

ஐந்தாம், ஆறாம் திருமுறைகள்

1874 சனவரி 30 அன்று அடிகள் சித்திவளாகத் திருவறையில் புகுந்து சித்தி பெற்றார். அதன்பின் 1880-இல் வேலாயுத முதலியார் ஐந்தாம் திருமுறையை வெளியிட்டார். ஆறாம் திருமுறையை அவர் பதிப்பிக்கவில்லை. அப்பாடல்கள் தம் காலத்தில் வெளிவர வேண்டாம் என்பது அடிகளின் கருத்து. சமயங்கடந்த அவற்றின் கருத்துகள் மீண்டும் பூசல் விளைக்கும் என்னும் அச்சமும் இருந்தது. 1885-இல் பிற அன்பர்கள் முன்னின்று ஆறாம் திருமுறையை அச்சிட்டனர். அருட்பெருஞ்ஜோதி அகவல் உள்ளிட்ட சிகரப் பாடல்கள் அப்போதுதான் பொதுமக்கள் கைக்கு எட்டின.

ஆறு திருமுறைகளும் சேர்ந்த பதிப்பை 1892-இல் பொன்னேரி சுந்தரம் பிள்ளை வெளியிட்டார். அடிகளின் நேர்மாணவர்களுள் ஒருவரான காரணப்பட்டு ச.மு. கந்தசாமி பிள்ளை, விடுபட்ட பாடல்களையும் உரைநடையையும் வாழ்க்கைக் குறிப்புகளையும் சேர்த்து 1924-இல் ஒரு பதிப்பு கொண்டுவந்தார்.

ஆ. பாலகிருஷ்ண பிள்ளை பதிப்பு

1931 முதல் 1958 வரை ஆ. பாலகிருஷ்ண பிள்ளை 12 புத்தகங்களாக வெளியிட்ட பதிப்பு இத்துறையில் ஒரு திருப்பம். அடிகளின் கையெழுத்து மூலங்களையும் நெருங்கிய அன்பர்களின் படிகளையும் ஊர் ஊராகத் தேடிப் பெற்று, அச்சுப் பிரதிகளோடு ஒப்பிட்டுப் பாடங்களைத் திருத்தினார். வசனம், வியாக்கியானம், உபதேசம், திருமுகம், தனிப்பாசுரம், கீர்த்தனை எனப் பகுதி பகுதியாக அவர் வெளியிட்டமையால் பாடலல்லாத எழுத்துகளுக்கும் நிலையான இடம் கிடைத்தது. கடிதங்களைப் பெற்றவர் வாரியாகப் பிரித்து நாளிட்டு அடுக்கியதால் பாடல்களின் காலத்தைக் கணிக்கவும் வழி பிறந்தது.

ஊரன் அடிகளின் காலமுறைப் பதிப்பு

வடலூர் சமரச சன்மார்க்க ஆராய்ச்சி நிலையத்தின் வழி ஊரன் அடிகள் (1933–2022) 1972-இல் வெளியிட்ட பதிப்பில் 5,818 பாடல்கள் தொடர் எண்ணோடு அமைந்துள்ளன. ஆறு திருமுறை என்னும் பெயர் மரபைக் காத்து, உள்ளடக்கத்தை மட்டும் காலமுறைக்கு மாற்றினார். பாடலில் வரும் தலப்பெயர், கடிதங்களின் நாள், கையெழுத்து மூலத்தில் காணும் குறிப்பு, கொள்கை வளர்ச்சி ஆகியவை அவருக்கு அளவுகோல்கள். அருட்பெருஞ்ஜோதி அகவலின் 1,596 அடிகள் 1872 ஏப்ரல் 18 அன்று எழுதப்பட்டமை உறுதியாகத் தெரிவதால், பிற்காலப் பாடல்களின் காலத்தை அளக்க அது நிலைக்கல்லாக உதவுகிறது.

இதன் விளைவாகத் திருத்தணிகைப் பாடல்களும் தெய்வமணி மாலையும் முதல் திருமுறைக்கு வந்தன. பழைய முதல் திருமுறையிலிருந்த திருவடிப்புகழ்ச்சியும் மகாதேவ மாலையும் மூன்றாம் திருமுறையில் அமைந்தன. ஆறாம் திருமுறை அளவில் மிகப் பெரியது. மொத்தப் பாடல்களில் பாதிக்குச் சற்றே குறைவானவை அதில் உள்ளன. தலவழிபாட்டில் தொடங்கிச் சுத்த சன்மார்க்கத்தில் நிறைவுறும் அடிகளின் வளர்ச்சியை வரிசையாகக் காட்டுவது இப்பதிப்பின் சிறப்பு.

உரைநடையும் உபதேசமும்

உரைநடைப் பகுதியில் மனுமுறைகண்ட வாசகமும் ஜீவகாருண்ய ஒழுக்கமும் முதன்மையானவை. பெரியபுராணத்தின் தொடக்கத் தொடருக்கு அடிகள் வரைந்த விரிவான பொருள் விளக்கம், தொண்டமண்டல சதகத்துக்கு எழுதிய குறிப்புகள், தருமச்சாலை பற்றிய அழைப்புப் பத்திரிகைகள், விண்ணப்பங்கள் ஆகியவையும் இதில் அடங்கும். 1873 அக்டோபரில் சித்திவளாகத்தில் சன்மார்க்கக் கொடி ஏற்றிய அன்று ஆற்றிய பேருபதேசம், கேட்டவர் எழுதி வைத்தது. ஆகவே உபதேசப் பகுதியை அடிகளின் கைப்பட்ட எழுத்தோடு ஒரே தரத்தில் வைத்துச் சான்று காட்டுதல் கூடாது.

இன்றைய நிலை

திருவருட்பா முழுமைக்கும் ஔவை சு. துரைசாமிப் பிள்ளை எழுதிய உரையை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பல தொகுதிகளாக வெளியிட்டுள்ளது. இணையத்திலும் முழு நூல் கிடைக்கிறது. ஒரே பாடலுக்குப் பழைய பதிப்பில் ஒரு திருமுறை எண்ணும் 1972 பதிப்பில் வேறு எண்ணும் உள்ளமையால், திருவருட்பாவை மேற்கோள் காட்டுவோர் பதிப்பாசிரியர் பெயரையும் பதிப்பாண்டையும் தவறாமல் குறிப்பிட வேண்டும்.