வீட்டை விட்டு யார் போகணும்? டென்மார்க்கில் தடை உத்தரவு வந்த கதை

நம்ம ஊர்ல யாராவது "ஸ்டே வாங்கிட்டேன்"னு சொன்னா நூத்துக்குத் தொண்ணூறு அது நிலத் தகராறாத்தான் இருக்கும். வரப்பைத் தள்ளிப் போட்டான், பக்கத்து மனையில கை வெச்சான், பங்காளி கேஸ், இப்படி. மண்ணுக்கு வாங்குற மாதிரி ஒரு மனுஷனுக்கு எதிராவும், "இந்த ஆளு என் பக்கத்துல வரக் கூடாது"ன்னு ஒரு உத்தரவு வாங்கலாம்ங்கறது நம்மள்ல பல பேருக்கு ஹாலிவுட் படம் பார்த்துத்தான் தெரியும். எனக்கு அது டேனிஷ் வகுப்புல ஒரு வார்த்தையா வந்து சேர்ந்துச்சு. வார்த்தையைப் பிடிச்சு இழுத்தா பின்னாடி ஒரு பெரிய வரலாறே வந்தது. கொஞ்சம் நீளமான பதிவு, காபி எடுத்துக்கிட்டு உக்காருங்க :-)

முதல்ல மூணு வார்த்தை. "தில்ஹோல்"னா ஒருத்தர் இன்னொருத்தரைத் தொடர்பு கொள்ளவோ பின்தொடரவோ கூடாதுங்கற உத்தரவு. நேர்ல, போன்ல, கடிதத்துல, எஸ்.எம்.எஸ்.ல, எதுலயும். "ஒப்ஹோல்ஸ்ஃபோர்பூ"ன்னா குறிப்பிட்ட இடத்துல, அதாவது வீடு, வேலை செய்யற இடம், படிக்கிற இடம் இதையெல்லாம் சுத்தி வரையறுத்த பகுதியில இருக்கக் கூடாதுங்கற தடை. மூணாவது "போர்ட்வீஸ்னிங்". வெளியே அனுப்புறது. வகுப்புல கலாட்டா பண்ற பையனைப் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்புவாங்களே, அதுக்கும் இங்க இதே வார்த்தைதான். சட்டத்துல இதுக்கு அர்த்தம், அடிக்கிற ஆளை அவரோட சொந்த வீட்டை விட்டே வெளியே அனுப்புறது.

இந்த மூணாவது உத்தரவு சட்டமாக 2004 வரைக்கும் ஆச்சு. முதல் உத்தரவோட வேர் 1930ல இருக்கு. நடுவுல எழுபத்தி நாலு வருஷம். ஏன் இவ்வளவு நாள்ங்கறதுதான் என்னை உறுத்தின கேள்வி.

டென்மார்க்கோட இப்போதைய தண்டனைச் சட்டம் 1930 ஏப்ரல் 15 தேதியிட்டது, 1933 ஜனவரி 1ல அமலுக்கு வந்தது. அதுல 265ஆவது பிரிவு சொன்னது இது: போலீஸ் ஏற்கெனவே எச்சரிச்ச பிறகும் ஒருத்தரை விடாம நெருங்கி, கடிதம் மேல கடிதம் போட்டு, இல்லன்னா வேற மாதிரி தொந்தரவு பண்ணி அவரோட "ஃப்ரெத்"தைக் கெடுத்தா குற்றம். ஃப்ரெத்னா அகராதியில அமைதி, சமாதானம்னு போட்டிருக்கும். எனக்கென்னவோ நம்ம "நிம்மதி"தான் இதுக்குப் பொருத்தமா படுது. நிம்மதியைக் கெடுக்கறது ஒரு குற்றம்னு 1930லயே எழுதி வெச்சிருக்காங்க, பெரிய விஷயம்தான்.

ஆனா அதுல ரெண்டு ஓட்டை. ஒண்ணு, எச்சரிக்கை வாங்குற வரைக்கும் அந்த ஆள் பண்ணினது இந்தப் பிரிவுல குற்றமே இல்ல. போலீஸ் எச்சரிச்சதுக்கு அப்புறம் (எச்சரிக்கைக்கு ஆயுசு 5 வருஷம்) மறுபடி பண்ணினாத்தான் தண்டனை. ரெண்டாவது இன்னும் பெரிய ஓட்டை. இது வெளியிலேருந்து கதவைத் தட்டுற ஆளுக்குச் சரி. உள்ளேயே குடியிருக்கிற ஆளை என்ன பண்றது? வீட்டு வாடகை ஒப்பந்தத்துல பேர் அவருது. அவர் வீட்டுக்கு அவர் வரக் கூடாதுன்னு போலீஸ் எப்படிச் சொல்லும்? அதனால அடி வாங்கினவங்கதான் பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பணும். நம்ம ஊர்ல அம்மா வீட்டுக்குப் போவாங்க. அம்மா வீடும் கதவைச் சாத்திட்டா?

இந்த இடத்துல ஒரு கட்டடத்தைப் பத்திச் சொல்லியாகணும். கோபன்ஹேகன்ல ஏரிக்கரை ஓரமா, நான்சென்ஸ்கேட் தெருமுனையில ஒரு சிவப்புச் செங்கல் கட்டடம் இருக்கு. கட்ட ஏற்பாடு பண்ணினவங்க லூயிஸ் ராஸ்முசன்ங்கற அம்மா. 1815ல பிறந்தவங்க, திருமணமாகாத ஒரு வேலைக்காரப் பெண்ணோட மகள். பாலே ஆடினாங்க, அப்புறம் தொப்பிக் கடை வெச்சாங்க, 1850ல ராஜா ஏழாம் ஃபிரெடரிக்கையே கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க! ராணி பட்டம் கிடைக்கல, டானர் சீமாட்டிங்கற பட்டம்தான். ஊர்ல இருந்த பிரபுக்கள் எல்லாம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. ராஜா 1863ல இறந்த பிறகு, கையில இருந்த சொத்தை வெச்சு ஏழைப் பெண்களுக்காக அறக்கட்டளை தொடங்கினாங்க. தனியா இருக்கிற உழைக்கும் வர்க்கப் பெண்கள் தங்கத்தான் இந்தக் கட்டடம். 1875ல வேலை முடிஞ்சது. அதைப் பார்க்க அவங்க இல்ல, 1874லயே போய்ச் சேர்ந்துட்டாங்க.

நூறு வருஷம் கழிச்சுக் கட்டடத்தை விக்கப் பார்த்தாங்க. 1979 நவம்பர் 2ஆம் தேதி சுமார் 300 பெண்கள் உள்ளே புகுந்து உக்காந்துட்டாங்க. அப்போ டென்மார்க்ல பெண்கள் இயக்கம் கொடிகட்டிப் பறந்த காலம். லண்டன் சிஸ்விக்ல 1971ல அடிபட்ட பெண்களுக்கான புகலிடம் திறந்த செய்தி ஐரோப்பா முழுக்கப் பரவியிருந்தது. ஊரெல்லாம் பணம் திரட்டி, கட்டடத்தை வாங்கி, 1980ல அடிபட்டு வர்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான இடமா திறந்தாங்க. இன்னிக்கும் அதே வேலையைத்தான் அந்தக் கட்டடம் பண்ணுது.

அந்த 300 பேரை நினைச்சா எனக்கு ஒரே பிரமிப்பு. ஆனாலும் ஒண்ணைக் கவனிங்க. புகலிடம்னாலே ஓடி வர்றது அவங்கதான். குழந்தையோட பள்ளிக்கூடம் மாறும், வேலைக்குப் போற பஸ் மாறும், துணிமணி பாதி அங்கேயே கிடக்கும். அடிச்ச ஆள் அதே சோபாவுல உக்காந்து டிவி பார்த்துக்கிட்டிருப்பார். கணக்கு தலைகீழா இருக்கேன்னு சட்டத்துக்கு உறைக்க இன்னும் இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு.

ஐரோப்பாவுல அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டது ஆஸ்திரியா. 1997 மே 1ல வந்த சட்டம் அங்க போலீசுக்கு ஒரு அதிகாரம் குடுத்துச்சு: அடிக்கிற ஆளை அந்த இடத்திலேயே வீட்டை விட்டு வெளியே அனுப்பு, சாவியை வாங்கு, வீடு யார் பேர்ல இருந்தாலும் சரி. ஜெர்மனியில 2002ல அதே போக்குல சட்டம் வந்தது. பக்கத்து வீடான ஸ்வீடன் 1988லயே சந்திப்புத் தடைச் சட்டம் கொண்டுவந்திருந்தது, 2003ல அதைச் சேர்ந்து வாழற வீட்டுக்கும் நீட்டிச்சாங்க. டென்மார்க் கடைசி பெஞ்சு மாணவன் மாதிரி 2004 ஜூன் 9 தேதியிட்ட சட்டத்தால, ஜூலை 1லேருந்து போர்ட்வீஸ்னிங்கைக் கொண்டுவந்தது. 18 வயசுக்கு மேற்பட்ட யாரையும், வீட்ல உள்ளவங்க மேல வன்முறை பண்ணினாருன்னு நியாயமான சந்தேகமும், அங்கேயே இருந்தா மறுபடி பண்ணுவாருங்கற காரணமும் இருந்தா, 4 வாரம் வரைக்கும் வெளியே அனுப்பலாம். அவர் அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கேக்கலாம்.

விசாரணை முடியாம ஒரு ஆளை அவர் வீட்டை விட்டு அனுப்புறது நியாயமான்னு கேக்கறவங்க இங்கயும் உண்டு. கேக்க வேண்டிய கேள்விதான். அதனாலதான் கால வரம்பும் நீதிமன்ற வழியும் வெச்சிருக்காங்க. என் பங்குக்கு நான் திருப்பிக் கேப்பேன்: அதுவரைக்கும் விசாரணையே இல்லாம எத்தனை பெண்கள் வெளியே போனாங்க?

தனித்தனியா கிடந்த இந்த உத்தரவுகளை எல்லாம், தண்டனைச் சட்டக் குழு 2011ல குடுத்த அறிக்கைக்குப் பிறகு ஒரே சட்டத்துல போட்டாங்க. அது 2012 மார்ச் 1ல அமலுக்கு வந்தது. பழைய 265ஆவது பிரிவோட எச்சரிக்கை இங்கதான் தில்ஹோலா மறுபிறவி எடுத்தது, 5 வருஷம் வரைக்கும்னு வெச்சாங்க. அப்புறம் 2022 ஜனவரி 1லேருந்து தண்டனைச் சட்டத்தோட 242ஆவது பிரிவு, ஒருத்தரைத் திட்டமிட்டுத் தொடர்ந்து துரத்தறதையே தனிக் குற்றமாக்கிடுச்சு. 3 வருஷம் வரை சிறை. முன்கூட்டி எச்சரிக்கை தேவையில்ல. 1930ல இருந்த முதல் ஓட்டை கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷம் கழிச்சு அடைபட்டது.

நம்ம பக்கம் எப்படி? இந்தியாவுல குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005ல நிறைவேறி 2006 அக்டோபர் 26ல அமலுக்கு வந்தது. இலங்கையிலயும் 2005லதான், 34ஆம் இலக்கச் சட்டம். டென்மார்க்குக்கு ஒரே வருஷம் பின்னாடி, அவ்வளவுதான். வித்தியாசம் என்னன்னா நம்ம ரெண்டு நாட்லயும் உத்தரவு போடறவர் மாஜிஸ்திரேட், இங்க காவல் மாவட்டத்தோட தலைவர். இந்தியச் சட்டத்துல 18ஆவது பிரிவு பாதுகாப்பு உத்தரவு, 19ஆவது பிரிவு குடியிருப்பு உத்தரவு. அந்த ஆளை வெளியேறச் சொல்ற அதிகாரமும் 19ல இருக்கு (ஆனா அந்த உத்தரவை ஒரு பெண்ணுக்கு எதிராப் போட முடியாது, மாமியார் தப்பிச்சாங்க). வீடு மாமனார், மாமியார் பேர்ல இருந்தா மருமகளுக்கு அங்க குடியிருக்க உரிமை இல்லன்னு உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர்ல ஒரு தீர்ப்பு சொல்ல, பல பெண்கள் தெருவுக்கு வந்தாங்க. அது சரியில்லன்னு அதே நீதிமன்றம் மாத்திச் சொன்னது 2020 அக்டோபர்ல. ஆக, வீடு யார் பேர்லங்கற அதே பழைய கேள்வி அங்கயும் பதினாலு வருஷம் படுத்திருக்கு.

சரி, டென்மார்க்ல இதை எப்படி வாங்கறது? பக்கத்துல இருக்கிற காவல் நிலையத்துக்குப் போகலாம், இல்ல 114க்குப் போன் பண்ணலாம். உயிருக்கு ஆபத்துன்னா யோசிக்காம 112. வக்கீல் வெச்சாகணும்னு இல்ல. "எனக்குத் தில்ஹோல் வேணும்"னு அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்க. "பிரச்சினை பண்றார்"னு மட்டும் சொன்னா அது வெறும் புகாராப் பதிவாகி நின்னுடலாம். போலீஸ் பாக்கறது ரெண்டு விஷயம்: தொந்தரவு நடந்ததுங்கறதுக்கு நியாயமான சந்தேகம், இனியும் நடக்கும்னு நினைக்கக் காரணம். அதனால எஸ்.எம்.எஸ்.ஐ அழிக்காதீங்க, தவறிய அழைப்புகளைப் படம் பிடிச்சு வைங்க, தேதி, நேரம் போட்டு ஒரு நோட்டுல எழுதுங்க. தமிழ்ல எழுதினாலும் பரவாயில்ல, எழுதுங்க.

ஒப்ஹோல்ஸ்ஃபோர்பூவும் சேர்த்து வேணுமான்னு யோசிக்கணும். ஹெர்னிங், ஹோல்ஸ்டெப்ரோ மாதிரி யூட்லாந்து ஊர்கள்ல இருக்கிற நம்ம ஈழத்துச் சனங்களை நினைச்சுத்தான் சொல்றேன். சின்ன ஊர், அதே கடை, அதே கோயில், அதே பிறந்தநாள் விழா. தற்செயலா எதிர்ல வந்தா அது மீறல் ஆகாது, வேணும்னே வந்து நின்னா மீறல். இடத்துக்கும் தடை இருந்தா இந்த வாதத்துக்கே வேலை இல்ல.

அப்புறம் விசா. குடும்ப இணைப்புல வந்த பெண்கள் வாயைத் திறக்காததுக்கு முதல் காரணம் இதுதான். "பிரிஞ்சா உன்னை நாட்டுக்கு அனுப்பிடுவாங்க"ன்னு மிரட்டுவாங்க. வெளிநாட்டவர் சட்டத்துல இதுக்குன்னே ஒரு விதி இருக்கு: வன்முறையாலதான் சேர்ந்து வாழறது முறிஞ்சதுன்னா, அனுமதியை ரத்து பண்றதைப் பத்தி முடிவெடுக்கும்போது அதைத் தனியா கணக்குல எடுக்கணும். தானா கிடைச்சிடும்னு அர்த்தம் இல்ல, வன்முறை நடந்ததைக் காட்டணும். போலீஸ்ல கேட்டு வாங்கின உத்தரவும், டாக்டர் எழுதின சீட்டும் அங்கதான் கைகொடுக்கும். யார்கிட்ட பேசறதுன்னு தெரியலைன்னா 1888னு ஒரு தேசிய உதவி எண் இருக்கு, பேரைச் சொல்லாமலும் பேசலாம்.

உத்தரவு கையில வந்த பிறகு, "எப்படி இருக்க"ன்னு ஒரே ஒரு எஸ்.எம்.எஸ். வந்தாலும் அது மீறல்தான். அவர் சார்பா சித்தப்பா வந்து சமாதானம் பேசினாலும்கூட. ஒவ்வொண்ணையும் போய்ச் சொல்லிப் பதிவு பண்ண வைக்கணும்.