பெயரன்: குடிவழி ஆராய்ச்சியில் ஒரு சிக்கல்

'பேரன்' என்று நாம் இன்று வழங்கும் சொல் 'பெயரன்' என்பதன் மரூஉ ஆகும். பாட்டனின் பெயரைத் தாங்கியவன் என்பது அதன் பொருள். ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியில் தலைவனுடைய புதல்வன், தலைவனின் தந்தை பெயரை உடையவனாகவே குறிக்கப்பெறுகின்றான். ஆகவே இவ்வழக்கு சங்க காலந்தொட்டு நம்மிடையே நிலவி வருவதென்பதில் ஐயமில்லை. இறந்த பெரியவர் குடும்பத்தில் மீண்டும் அழைக்கப்பெறுகிறார் என்னும் நிறைவு இதில் உண்டு. ஆனால் தன் குடியின் வரலாற்றை எழுதப் புகுவோனுக்கு இவ்வன்பே பெரும் இடர்ப்பாடாக முடிகின்றது.

பாட்டனார் பெயரை மூத்த மகனுக்கு இடும் குடும்பத்தில் இரண்டு பெயர்களே மாறி மாறி வரும். செட்டிநாட்டரசர் அண்ணாமலை செட்டியாரின் (1881–1948) தந்தையார் பெயர் முத்தையா. அவர்தம் மகனார் பெயரும் முத்தையா (1905–1984). இவ்வாறு வரும் குடும்பத்தில், 'இன்னார் மகன் இன்னார்' என்று தந்தை பெயரைச் சேர்த்துச் சொன்னாலும் ஆள் விளங்குவதில்லை. இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை அதே தந்தை பெயரும் அதே மகன் பெயரும் மீண்டும் வந்து நிற்கும். பாட்டனாருக்கு மக்கள் நால்வர் எனில், நால்வரும் தத்தம் மூத்த மகனுக்கு அப்பெயரையே இடுவர். ஒரே ஊரில், ஏறத்தாழ ஒரே வயதில், ஒரே பெயருடைய நால்வர் திரிவர். 'பெரிய', 'சின்ன', 'மேலவீட்டு', 'கீழவீட்டு' என்னும் அடைகள் இதனால் பிறந்தவையே. மாமனார் பெயரை வாயால் சொல்லாத மருமகள், அப்பெயர் தாங்கிய தன் மகனை வேறொரு பெயரிட்டே கூப்பிடுவாள். அதனால் ஒருவருக்கே இரு பெயர் அமைவதும் உண்டு.

இச்சிக்கலை முதலில் எதிர்கொண்டோர் நம் கல்வெட்டறிஞர்களே. சோழ மன்னர் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறி மாறிப் புனைந்தனர். 'கோப்பரகேசரி' என்று மட்டும் ஒரு கல்வெட்டுத் தொடங்குமாயின், விசயாலயன் முதல் உத்தமசோழன் வரையில் ஐவருள் எவரையும் அது குறிக்கலாம். 'மதுரை கொண்ட' என்றிருந்தால் முதற் பராந்தகன். 'பாண்டியன் தலைகொண்ட' என்றிருந்தால் ஆதித்த கரிகாலன். அடைமொழி இல்லாத இடத்தில் எழுத்தமைதியையும், உடன் குறிக்கப்பெற்ற அதிகாரிகளையும் கொண்டே அறிஞர்கள் முடிவு கண்டனர். கருத்து வேறுபாடும் கொண்டனர்.

அரசியர் பெயர்களில் இம்மயக்கம் மிகுதி. 'பொன்னியின் செல்வன்' படித்தோர்க்குக் குந்தவை என்றால் ஒருத்தியே. கல்வெட்டுகளிலோ பலர் உளர். அரிஞ்சய சோழனின் தேவியருள் ஒருவர் வீமன் குந்தவை. முதல் இராசராசனின் தமக்கையார் ஒரு குந்தவை. அவ்வரசனின் மகளும் குந்தவை. வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கிய மன்னன் விமலாதித்தனை மணந்தவர் இவர். இவருக்குப் பிறந்தவன் இராசராச நரேந்திரன். தாய்வழிப் பாட்டனின் பெயரன். அவன் முதல் இராசேந்திரனின் மகள் அம்மங்கையை மணந்தான். அவர்களின் மகனுக்கு இராசேந்திரன் என்று பெயர். அதுவும் தாய்வழிப் பாட்டன் பெயரே. அவனே பின்னர் முதற் குலோத்துங்கன் எனப் புகழ்பெற்றான். அவன் தங்கைக்கோ தந்தையைப் பெற்ற பாட்டியின் பெயர் வாய்த்தது. அவரும் குந்தவைதான். 1114ஆம் ஆண்டைச் சேர்ந்த சிதம்பரம் கல்வெட்டில் கொடை வழங்குபவர் இவரே. இம்மூவரையும் ஒருவராக்கினால், நூறாண்டுக்கும் மேலாக வாழ்ந்து, தஞ்சையிலும் தில்லையிலும் பொன் வழங்கிய ஒரு மூதாட்டி தோன்றுவார். வேங்கிக்கு மணமாகிச் சென்ற பெண்ணோ இருந்த இடம் தெரியாமல் மறைந்துபோவார்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு இதனை முன்னறிந்ததுபோலவே மூத்த குந்தவையை அறிமுகம் செய்கின்றது. இராசராச தேவரின் தமக்கையார், வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார், பராந்தகன் மகளார் என உடன்பிறந்தான், கணவன், தந்தை மூவரையும் ஒருங்கே சொல்லுகின்றது. ஆயினும் அங்கே 'பராந்தகன்' என்பது மதுரை கொண்ட முதற் பராந்தகனை அன்று. அவன் பெயரனாகிய சுந்தர சோழனையே குறிக்கும். மயக்கத்தைத் தீர்க்க வந்த பெயரும் ஒரு பெயரன் பெயராகவே அமைந்துவிட்டது!

பிற்காலப் பாண்டியர் வரலாற்றில் சிக்கல் இதனினும் கடிது. சடையவர்மன், மாறவர்மன் என இரு பட்டங்கள். சுந்தரன், வீரன், குலசேகரன் என விரல்விட்டு எண்ணத்தக்க இயற்பெயர்கள். ஒரே காலத்தில் பல மன்னர். 1216இல் பட்டம் பெற்றவனும் 1238இல் பட்டம் பெற்றவனும் மாறவர்மன் சுந்தர பாண்டியரே. ஜெர்மானிய அறிஞர் கீல்ஹார்ன், கல்வெட்டுகளில் ஆட்சியாண்டுடன் குறிக்கப்பெற்ற மாதம், பக்கம், திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியவற்றைக் கணக்கிட்டு இவர்களைப் பிரித்துக் காட்டினார். இவையனைத்தும் ஒருங்கே பொருந்தும் நாள் எளிதில் திரும்பி வராது என்பதே அவர் கொண்ட பிடி. எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை (1865–1925) இக்கணக்கை எவரும் செய்துகொள்ளும்படி அட்டவணைகளாக்கித் தந்தார். பின்னாளில் கும்பகோணம் ந. சேதுராமன் இதே நெறியில் பாண்டியர் காலவரிசையை மேலும் ஆராய்ந்தார்.

மன்னர் கதையை இவ்வளவு விரித்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்ப வரலாற்றை எழுதத் தொடங்கியபோது நானே இப்பிழையைச் செய்தேன். முன்னோரின் பெயரை இங்கே எழுதவில்லை; அப்பெயர் அவர் ஒருவருக்கே உரியதன்று என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எங்களிடம் இரண்டு பத்திரங்கள் இருந்தன. 1872இல் ஒருவர் நன்செய் வாங்குகிறார். 1924இல் அதே தந்தை பெயரும் அதே பெயரும் உடைய ஒருவர் அந்நிலத்தை அடைமானம் வைக்கிறார். வாங்கியவரே முதுமையில் அடகு வைத்தார் என்று கொண்டேன். இருபத்தைந்து வயதில் வாங்கியவர் எழுபத்தேழில் அடகு வைத்திருக்கலாம், கணக்கு இடித்துரைக்கவில்லை. தம் கையால் தேடியதைத் தாமே தொலைத்தவர் என்ற பழிச்சொல்லும் குடும்பத்தில் ஏற்கெனவே உலவிற்று.

அத்தையார் ஒருவர் முன்னோரின் திதிகளையெல்லாம் மனப்பாடமாகச் சொல்ல வல்லவர். இப்பெயருக்கு அவர் இரண்டு திதிகள் சொன்னார்: 'பெரியவருக்கு' மார்கழியில் ஒன்று, 'மேலவீட்டாருக்கு' ஐப்பசியில் ஒன்று. பெரியவர் தாது வருஷத்தில், கஞ்சித்தொட்டி வைத்திருந்த காலத்தில் போனார் என்றும், கிழமை இன்னதென்றும் கூறினார். தாது என்றதும் 1936 என்று குறித்துக்கொண்டேன். என் கணக்குக்கு அதுவே பொருத்தமாயிற்று. கஞ்சித்தொட்டியை நான் எழுதவேயில்லை. இரண்டாம் திதியைக் கிழவியின் மறதி என்று அடித்துவிட்டேன்.

அறுபதாண்டுச் சுழற்சியில் ஆண்டுகளுக்கும் பெயரன்கள் உண்டென்பதை மறந்துபோனேன். 1936க்கு முந்திய தாது 1876. தமிழகமெங்கும் பட்டினியால் மாண்ட அந்தத் தாது வருஷப் பஞ்சத்தின் ஆண்டு. சாமிக்கண்ணுப் பிள்ளையின் அட்டவணையைக் கொண்டு பின்னர் ஒருநாள் சரிபார்த்தபோது, அத்தையார் சொன்ன மாதமும் திதியும் கிழமையும் 1936இல் ஒன்றுகூடவில்லை, 1876இல் கூடின.

அதன்பின் பத்திரங்களை மீண்டும் விரித்தேன். முன்பே கண்ணில் பட்டிருக்க வேண்டியவை ஒவ்வொன்றாகத் தெரிந்தன. 1872இல் வாங்கியவர் கீறல் வைத்திருக்கிறார். 1924இல் அடகு வைத்தவர் தெளிவாகக் கையொப்பமிட்டிருக்கிறார். முன்னதன் செக்குபந்தியில் கிழக்கெல்லைக்காரராக வருபவரின் பெயரன், பின்னதில் சாட்சியாக நிற்கிறார். கடன் வாங்கக் காரணம் தகப்பனார் பட்ட முன்கடனைத் தீர்ப்பது என்று பத்திரமே சொல்லுகின்றது. நிலத்தைத் தேடியவர் அதனைப் பெற்ற நான்காண்டுக்குள் பஞ்சத்தில் இறந்துவிட்டார். அடகு வைத்தவர் அவர் பெயரன்; தாம் செய்யாத கடனை அடைக்கக் கையெழுத்திட்டவர். இருவரையும் ஒருவராக்கியதால் முதியவருக்குப் பழி வந்தது. இளையவர் குடிவழியிலிருந்தே காணாமற்போனார். பழி குடும்பத்தார் சொல்லால் வந்தது. காணாமற்போக்கியது என் பேனா.

பெயரைக் கண்டவுடன் ஆளைக் கண்டதாகக் கொள்ளாமல், ஒவ்வோர் ஆவணத்துக்கும் தனித்தனி ஏடு ஒதுக்கி, எல்லைக்காரர், சாட்சி, கையெழுத்து, வீட்டு வழக்குப் பெயர் ஆகியவை பொருந்தினாலன்றி ஈரேட்டை ஒன்றாகத் தைக்காதிருப்பதே இப்போது என் வழக்கம். மெதுவாகத்தான் நடக்கிறது. பைமாசு எண்ணிலிருந்து சர்வே எண்ணுக்கு மாறிய இடங்களில் இன்னும் முட்டிக்கொண்டே நிற்கிறேன்.

அத்தையார் 1991இல் காலமானார். அவர் சொல்லச் சொல்ல எழுதிய குறிப்பேடு என்னிடம் இருக்கிறது. சிவப்பு மையால் நான் அடித்த கோட்டுக்கு அடியில் அவ்வரியை இன்றும் படிக்க முடிகிறது: ஐப்பசி, தேய்பிறை நவமி, மேலவீட்டார்.