சுங்கை பூலோவின் பாட்டுக்காரர்கள்

தொழுநோய் கண்டவரை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோக மலாயாவில் 1926ஆம் ஆண்டு சட்டம் வந்தது. தோட்டத்து லயத்தில் யாருக்காவது உணர்ச்சியில்லாத தேமல் தெரிந்தால் போதும், புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி பிள்ளைகள் ஒரு பக்கம். முதலில் கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் அடைத்து வைத்தார்கள். அது சிறையேதான். மனிதர் வாழ ஓர் ஊர் வேண்டும் என்று டாக்டர் டிராவர்ஸ் என்பவர் வாதாடியதன் பலன்தான் 1930இல் திறந்த சுங்கை பூலோ குடியிருப்பு.

அங்கே பள்ளிக்கூடம், சந்தை, தபால் நிலையம், காவல், லாக்கப் எல்லாம் இருந்தன. 1936இல் தனி நோட்டே அச்சடித்தார்கள், இவர்கள் தொட்ட காசு வெளியே போய்விடக்கூடாதென்று. உள்ளே பிறந்த பிள்ளையைத் தாயிடம் விட்டுவைக்கவில்லை. எத்தனையோ குழந்தைகள் தத்துப் போயின. மலையடிவாரத்தில் எவ்வளவு அழகாகக் கட்டியிருந்தாலும் இந்தக் கொடுமையை நான் மன்னிக்க மாட்டேன்.

இந்துக் கோயில், மசூதியோடு அங்கே கிறிஸ்தவக் கோயில்களும் இருந்தன. நான் பிரிக்பீல்ட்ஸ் தமிழ்ச் சபை ஒன்றில் வளர்ந்தவள். அறுபதுகளில் கிறிஸ்துமஸ் வாரம் அம்மா எங்களைக் குடியிருப்புக்குக் கூட்டிப்போவார். கூடவே வருகிற சிலர் பையில் சொந்தத் தம்ளரை மறைத்துக் கொண்டுவருவார்கள். அம்மா அங்கிருந்தவர்கள் கொடுத்த கிளாஸிலேயே கோப்பி குடிப்பார், சீனி போதாவிட்டால் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார். எனக்கு அதுதான் முதல் வேதபாடம்.

குடியிருப்பின் கோயில் ஒன்றில் பாட்டு எடுத்தவர் ஒரு பெரியம்மா. விரல்கள் உள்ளே மடங்கியிருக்கும். மணிக்கட்டால் பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தைத் தள்ளி, முழங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கீர்த்தனை பாடுவார். சுருதி பிசகாது. நாங்கள் தவறாகப் பாடினால் நிறுத்திவிட்டு, “மறுபடி பாடு புள்ள” என்பார். ஆஸ்பத்திரிப் பதிவில் அவர் ஒரு நோயாளி, கோயிலில் பாட்டு வாத்தியார். காணிக்கை எண்ணுகிறவர், மணி அடிக்கிறவர், பைபிள் வாசிக்கிறவர் எல்லாரும் நோயாளிகளே. வெளியிலிருந்து போன நாங்கள் கொடுத்த பிஸ்கட் டின்னை விட இந்த வேலை பெரிது என்பது என் துணிபு. பிச்சை வாங்குகிற கையை யாரும் மதித்ததில்லை. வேலை செய்கிற கைக்கு மரியாதை தானாக வந்தது.

அந்த நாளில் வேலூரிலிருந்தும் செய்தி வந்தது. அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். இவர் கொல்லிமலையில் பிறந்த மிஷனரி மகன். விரல் தானாக உதிர்வதில்லை, வலி தெரியாததால் சுட்டும் வெட்டியும் படுகிற காயமே அதைத் தின்கிறது என்று அவர் காட்டினார். எங்கள் சபை ஐயர் இதைப் பிரசங்கத்திலேயே விளக்கினார். மறு வருஷம் தம்ளர் கொண்டுவந்தவர்கள் குறைந்திருந்தார்கள்.

டாப்சோன் மருந்து வந்தபின் நோய் தீர்ந்தது. வீடு திரும்பியவர் சிலர். போக இடமில்லாமல் அங்கேயே பூச்செடி வளர்த்து விற்றுப் பிழைத்தவர் பலர். 2007இல் கிழக்குப் பகுதி வீடுகளை இடித்தார்கள்.

தத்துப் போன பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டி ஆகிவிட்டார்கள். பெற்றவள் பெயரைத் தேடி இன்னும் வருகிறார்கள். கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ எந்தச் சபையின் அலமாரியிலாவது அந்தக் காலத்து ஞானஸ்நானப் பதிவேடு கிடந்தால், கரையான் அரிக்கும் முன் எடுத்து அவர்கள் கண்ணில் காட்டுங்கள்.