ஒரு ராத்தல் தானியம்: உழைப்பவர் வயிற்றுக்கு அளவு குறித்த வரலாறு



இந்த ஆண்டு நினைவுரைக்குச் சத்துணவைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் அமைப்பில் சிலர் சிரித்தார்கள். நிலம், இடஒதுக்கீடு, வன்கொடுமை வழக்குகள் என்று எவ்வளவோ கிடக்கும்போது கேழ்வரகையும் கீரையையும் பற்றிப் பேச ஓர் அரங்கம் வேண்டுமா என்று கேட்டார்கள். நாங்கள் யாரை நினைவுகூர இங்கே கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழர் உயிரோடிருந்தால் சிரித்திருக்க மாட்டார். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அவர் கேட்ட கேள்வி, "காலையில் என்ன சாப்பிட்டீங்க?" என்பதுதான். அது வெறும் நலம் விசாரிப்பு என்றே வெகுகாலம் நினைத்திருந்தோம். அந்த ஊரின் கூலி நிலவரத்தை அவர் அப்படித்தான் தெரிந்துகொண்டார் என்பது பிறகுதான் புரிந்தது.

மனித உடலுக்கு எவ்வளவு உணவு வேண்டும், எதெல்லாம் வேண்டும் என்பதைப் பள்ளிப் புத்தகம் ஒரு வட்டம் வரைந்து சொல்லிவிடுகிறது. மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, உயிர்ச்சத்து, தாது உப்பு. இந்த அறிவு எங்கிருந்து வந்தது, யாருடைய உடம்பை வைத்துக் கற்றுக்கொள்ளப்பட்டது என்பதை எந்தப் புத்தகமும் சொல்வதில்லை. அதில் ஒரு பகுதி நம் பாட்டன் பாட்டிகளின் உடம்பில் எழுதப்பட்டது.

தாது வருஷப் பஞ்சத்திலிருந்து தொடங்குவோம். 1876இல் மழை பொய்த்தது. சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாயின் தக்காணப் பகுதி எல்லாம் காய்ந்தன. 1877 சனவரி முதல் நாள் டெல்லியில் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் நடந்தது. அதே மாதம் வைசிராய் லிட்டன், பஞ்சச் செலவைக் குறைக்கும்படி சர் ரிச்சர்ட் டெம்பிளைத் தெற்கே அனுப்பினார். இந்த டெம்பிள்தான் 1874இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி இறக்கி மக்களைக் காப்பாற்றியவர். அதற்காகப் பாராட்டு கிடைக்கவில்லை. பணத்தை வாரி இறைத்தார் என்ற வசவுதான் கிடைத்தது. அந்த வசவைத் துடைக்க அவருக்குக் கிடைத்த இடம் நம் மண்.

பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு அவர் நிர்ணயித்த கூலி: வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் வாங்கும் காசு, அதற்கு மேல் கொஞ்சம் சில்லறை. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. வேலையோ மண் வெட்டுவது, கல் உடைப்பது, வாய்க்கால் தோண்டுவது. சென்னையை ஒட்டி ஓடும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்ச வேலையில் வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநரின் பெயர் அதற்கு நிலைத்தது. வெட்டியவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை.

ஒரு ராத்தல் என்பது சுமார் 454 கிராம். இன்று நமக்குத் தெரிந்த கணக்கில் அது அரிசியானால் ஏறக்குறைய 1,600 கலோரி. மண்வெட்டி பிடிக்கும் ஆணின் உடம்பு ஒரு நாளில் 3,000 கலோரிக்கு மேல் எரிக்கும். மீதியை உடம்பு தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது: முதலில் கொழுப்பிலிருந்து, பிறகு தசையிலிருந்து. ஏற்கெனவே பட்டினியில் வந்தவருக்குக் கொழுப்பு ஏது? புரதக் கணக்கு இன்னும் மோசம். அந்த ஒரு ராத்தல் அரிசியில் கிடைப்பது முப்பது கிராமுக்குச் சற்று மேல். அதிலும் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் லைசின் அதிகம். ஆகையால்தான் சோறும் குழம்பும் ஒன்றையொன்று நிரப்புகின்றன. வெறும் தானியத்தைக் கொடுத்துப் பருப்பை மறுப்பது பாதி உணவை மறுப்பது ஆகாது. கொடுத்த பாதியும் உடம்பில் முழுதாக வேலை செய்யாமல் ஆக்குவது அது.

அமினோ அமிலக் கணக்கெல்லாம் 1877இல் தெரியாதே, அன்றைய அளவுகோலால் அவர்களைப் பார்க்கக்கூடாதா என்று ஒரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் தெரிந்த ஒருவர் இருந்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். மாகாண மக்கள் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று 1863இலேயே அறிக்கை எழுதியவர். ஒன்றரை ராத்தல் தானியமாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் சேர வேண்டும், இல்லாவிட்டால் வேலைத்தலங்கள் சாவுத்தலங்களாகும் என்று அவர் டெம்பிளோடு வெளிப்படையாகவே மோதினார். கைதிக்குச் சிறையில் கிடைப்பதைவிடக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குகிறீர்கள் என்று அன்றைய விமர்சகர்களே சுட்டிக்காட்டினார்கள். சில மாதங்கள் கழித்துச் சென்னையில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் நடந்தது நடந்துவிட்டது. பிரிட்டிஷார் நேரடியாக ஆண்ட பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேல் இறந்ததாக அவர்களுடைய பஞ்ச ஆணையமே 1880இல் ஒப்புக்கொண்டது. தானியம் நாட்டில் அடியோடு இல்லாமல் போகவில்லை. இங்கிலாந்துக்குப் போன தானியக் கப்பல்கள் அந்த ஆண்டுகளிலும் நிற்கவில்லை.

கார்னிஷை நாங்கள் தலையில் தூக்கிவைத்து ஆடப்போவதில்லை. அவரும் கேட்டது, வேலை செய்யும் உடம்பு சாகாமலிருக்க என்ன வேண்டும் என்பதுதான். ஆனாலும் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று ஓர் அதிகாரி சொன்ன காகிதம் நமக்கு ஒரு சாட்சி. தெரியாமல் செய்தார்கள் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

வெள்ளைக்காரன் ராத்தலில் அளந்ததைப் பண்ணையார் படியில் அளந்தார். கொள்ளும்போது ஒரு மரக்கால், கொடுக்கும்போது ஒரு மரக்கால் என்று எங்கள் முதியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கூலி நெல்லில் பதரும் கருக்காயும் கலந்திருக்கும். குத்திப் புடைத்தால் அரிசியாவது பாதிதான். தஞ்சைப் பகுதியில் கூலி அதிகம் கேட்ட, வேலைக்குத் தாமதமாக வந்த பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் கொடுத்தார்கள். சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவது. ஒரு மனிதரின் வாய்க்குள் எது போகலாம், எது போகக்கூடாது என்று தீர்மானிக்கும் உரிமை தமக்கே உண்டு என்று ஒரு கூட்டம் நம்பியது. 1940களில் பி. சீனிவாசராவ் தலைமையில் செங்கொடி இயக்கம் அதை எதிர்த்து நின்றபோதுதான் அந்தத் தண்டனைகள் ஓய்ந்தன. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அந்தப் போராட்டத்தின் கோரிக்கை கூடுதலாக அரைப்படி நெல். உணவியல் படிக்கும் மாணவர்கள் அந்த அரைப்படியை ஒருமுறை கலோரியாக மாற்றிக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் நம் முன்னோர் எப்படிப் பிழைத்தார்கள்? கூலிக்கு வெளியே இருந்த உணவால். வரப்பில் பறித்த குமட்டி, பண்ணை, பொன்னாங்கண்ணி, வேலியோர முருங்கை, வயல் நண்டு, நத்தை, கெண்டைப்பொடி, அறுவடைக்குப் பின் வளையிலிருந்து பிடித்த எலி. ஊர் இவற்றைச் சொல்லி நம்மை இழிவுபடுத்தியது. இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் நல்ல புரதமும் அவற்றிலிருந்துதான் வந்தன. கேழ்வரகும் அப்படித்தான். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாத கால்சியம் இருக்கிறது; தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுக்குத்தான். வயலில் பூச்சிமருந்து வந்தபின் நண்டும் நத்தையும் போயின. கூலி நெல் போய்க் கூலிப் பணம் வந்தது. வரப்புக் கீரை போனதற்கு யாரும் ஈடு தரவில்லை.

புழுங்கலரிசியின் கதையைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். குன்னூரில் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் 1918இல் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வு தொடங்கியது. ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய அந்த வேலைதான் பின்னாளில் ஐதராபாத்துக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வட சர்க்கார் மாவட்டங்களில், அதாவது இன்றைய ஆந்திரக் கடற்கரையில், பெரிபெரி பரவியது. புழுங்கலரிசி உண்ட பகுதிகளில் அது அரிது. காரணம் எளிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்ற பி1 உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. மெக்காரிசனுக்குப் பின் வந்த அய்க்ராய்டு இதை அளந்து காட்டினார். இப்போது நம் ஊர் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். பூசைக்கும் படையலுக்கும் பச்சரிசி, உயர்ந்தது. உழைக்கிறவன் சோற்றுக்குப் புழுங்கல், தாழ்ந்தது. சாதி உயர்த்தி வைத்த அரிசியில் நோய். தாழ்த்தி வைத்த அரிசியில் காப்பு. வடித்த கஞ்சியைக் கொட்டாமல் குடித்ததும், நீராகாரத்தை விடாமல் வைத்திருந்ததும் வறுமையால்தான். ஆனால் தண்ணீரில் கரையும் உயிர்ச்சத்து அந்தக் கஞ்சியோடு உள்ளே போனது.

மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி உணவுகளைக் கொடுத்து எடை பார்த்தார். சீக்கியர் உணவு தின்ற எலிகள் கொழுத்தன. மதராசி உணவு தின்றவை கடைசியில் நின்றன. முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, எப்போதாவது இறைச்சி என்றால் எந்த எலிதான் கொழுக்காது! (இங்கிலாந்து ஏழைகளின் வெள்ளை ரொட்டி, சாம், தேநீர் உணவைத் தின்ற எலிகள் ஒன்றையொன்று கடித்துத் தின்றனவாம். அதையும் அவரே எழுதினார்.) எங்கள் கேள்வி வேறு. ‘மதராசி உணவு’ என்று ஒன்று உண்டா? அக்கிரகாரத்தின் தட்டும் சேரியின் தட்டும் ஒரே எலிக்கூண்டில் எப்படி அடங்கும்? உணவை மாகாணமாகவும் இனமாகவும் பிரித்தவர்களின் கண்ணுக்குச் சாதி தெரியவில்லை. உணவியல் பாடங்களில் இன்றும் பெரும்பாலும் தெரிவதில்லை.

மாட்டிறைச்சி பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. 1927 மார்ச்சில் மகாடில் பொதுக்குளத்து நீரை அள்ளிக் குடித்த அதே மாநாட்டில் அம்பேத்கர் இன்னொன்றும் சொன்னார்: செத்த மாட்டைத் தின்பதை விடுங்கள். 1948இல் தீண்டப்படாதோர் பற்றி அவர் எழுதிய நூலில், மாட்டிறைச்சியை விடாமல் இருந்ததைத் தீண்டாமையின் வேராகக் காட்டினார். இவ்விரண்டையும் குழப்பி, அம்பேத்கரே மாட்டுக்கறி வேண்டாமென்றார் என்று பேசுகிறவர்கள் உண்டு. செத்ததை வாங்கிக்கொள் என்று எறிந்த உறவை அவர் மறுத்தார். உணவையே மறுத்ததாக நாங்கள் படிக்கவில்லை. உடல்நலக் கணக்கில் மாட்டிறைச்சி மலிவான நல்ல புரதம். எளிதில் உறிஞ்சப்படும் இரும்பும், துத்தநாகமும், செடிகளில் கிடைக்காத பி12 உயிர்ச்சத்தும் அதில் உண்டு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தச்சோகை என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்லும்போது, ஒரு நல்ல இரும்புச்சத்தைத் தீட்டு என்று ஒதுக்குவது யாருக்குக் கட்டுப்படியாகும்?

இந்த இடத்தில் நம் வீட்டையும் பார்த்தாக வேண்டும். கறி எடுத்த நாளில் முதல் துண்டு யாருக்கு, சட்டியின் அடி யாருக்கு? நம் தெருவிலும் பெண்கள்தான் கடைசியில் சாப்பிடுகிறார்கள். கூட்டங்களில் உணவு உரிமை பேசிவிட்டு வந்த நாங்களும் சமைத்தவரை நிற்கவைத்துச் சாப்பிட்டிருக்கிறோம். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு உடம்பில் கூடுதலாக ஏறும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் ஏறாது. நூறு நாள் வேலைத்தலத்தில் சோற்றைத் தின்ற கையோடு தேநீர் வாங்கிக்கொடுப்பதை நல்ல காரியமென்று நினைக்கும் தோழர்கள் ஒரு மணி நேரம் கழித்து வாங்கிக்கொடுக்கலாம்.

கேழ்வரகை விட்டுவிட்டு வெள்ளைச் சோற்றுக்குப் போனது நம் மக்களின் அறியாமை என்று சிறுதானிய அன்பர்கள் சிலர் எழுதுகிறார்கள். எங்களுக்குக் கோபம் வருகிறது. களி தின்றவன் என்று தலைமுறை தலைமுறையாக ஏசப்பட்டவர்கள், வெள்ளைச் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்ட நாளில் மானத்தையும் சேர்த்தே போட்டுக்கொண்டார்கள். ரேஷன் அரிசி பட்டினியை விரட்டியது. அதை இகழ்வதற்கு நாங்கள் தயாரில்லை. ஆனால் அரிசியால் மட்டும் நிரம்பிய வயிற்றில் இப்போது சர்க்கரை நோய் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதே கேழ்வரகு நகரத்துக் கடையில் பளபளக்கும் பொட்டலத்தில் நாம் வாங்க முடியாத விலைக்குப் போய்விட்டது. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷனில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். மற்ற மாவட்டங்களுக்கும் அதைக் கேட்பது நம் கோரிக்கைப் பட்டியலில் இருக்க வேண்டும். அரிசியோடு பருப்பும் எண்ணெயும் தட்டில்லாமல் கிடைப்பதும்தான்.

1982இல் விரிவான சத்துணவுத் திட்டத்துக்கும், பின்னால் அதில் சேர்ந்த முட்டைக்கும் நாங்கள் கடன்பட்டவர்கள். எங்களில் பலருக்கு வாரத்தின் ஒரே முட்டை அதுதான். அந்த அடுப்படியிலும் சாதி நின்றது. 2018இல்கூட திருப்பூர் மாவட்டத்தில் தலித் பெண் சமைக்கக்கூடாதென்று பெற்றோர் சிலர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். எதைச் சாப்பிடுவது என்று உணவியல் சொல்லித்தரும். யார் சமைத்ததைச் சாப்பிடுவது என்ற பாடத்தை நாம்தான் நடத்த வேண்டியிருக்கிறது.

எங்களில் ஒருவர் படித்த அரசு விடுதியில் சுவரில் உணவு அட்டவணை தொங்கும்: முட்டை, சுண்டல், வாரமொருமுறை கோழிக்கறி. தட்டில் வந்ததோ தண்ணீரான சாம்பார். ஒருநாள் இரவு மாணவர்கள் அட்டவணையைக் கழற்றித் தட்டின் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்தார்கள். விடிவதற்குள் அதிகாரி வந்தார். அந்த மாணவர்களைத் திரட்டியவர் நம் தோழர்தான். கையில் ஒரு நோட்டும் சமையலறைத் தராசும் வைத்திருந்தார்.

அந்த நோட்டு இப்போது எங்களிடம் இருக்கிறது. ஒரு மாணவருக்கு எத்தனை கிராம் அரிசி, எத்தனை கிராம் பருப்பு என்று தேதி போட்டு எழுதியிருக்கிறார். கடைசிப் பக்கங்கள் வெற்றாக உள்ளன. விடுதிகளில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் இந்த மாதம் முழுக்கத் தங்கள் தட்டை நிறுத்து எழுதிக் கொண்டுவந்தால், அடுத்த கூட்டத்தில் அவற்றை அந்தப் பக்கங்களில் சேர்த்துவிடலாம். தராசு வாங்க அமைப்பில் கொஞ்சம் பணம் இருக்கிறது.