எச்சில் ஒழுகல் (வளர்ப்பு இகுவானா)

பச்சை இகுவானாவின் வாயோரம் எச்சில் நூலாக இழுபட்டால் அது பெரும்பாலும் நோய்க்குறி. முதலில் சந்தேகிக்க வேண்டியது வாய்ப்புண்: ஈறு சிவக்கும், தயிர்க்கட்டிபோல் சீழ் தேங்கும், இரை எடுக்காது. சுண்ணாம்புச்சத்துக் குறைவில் தாடை எலும்பு மென்மையாகி வாய் சரியாக மூடாது. நுரையீரல் தொற்றிலும் சளி ஒழுகும். மூக்கோரம் படியும் வெண்பொடி உடல் வெளியேற்றும் உப்பு. அதற்கு அஞ்ச வேண்டாம்.

சிவகாசி போன்ற ஊர்களின் வறண்ட வெயில் இந்த மழைக்காட்டு உயிருக்கு ஆகாது. கூண்டின் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டினால் வாய்பிளந்து இரைக்கும். உடனே நிழலுக்கு மாற்ற வேண்டும். வாயில் தண்ணீர் புகட்டினால் புரையேறும். எச்சில் நிற்காவிட்டால் ஊர்வனவற்றுக்குச் சிகிச்சையளித்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் காட்டுக.