வளவும் தனி அடுப்பும்

காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களுக்குச் செல்பவர் எவரும் நகரத்தார் வீடுகளின் முன் சற்று நின்றே தீருவர். ஒரு தெருவில் தலைவாசல், மறு தெருவில் பின்வாசல் என நீண்டு கிடக்கும் அவ்வீடுகளுள் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 1940களுக்கும் இடையே எழுந்தவை.

பர்மா, இலங்கை, மலேயா ஆகிய நாடுகளில் கொடுக்கல் வாங்கலில் ஈட்டிய செல்வமே இவ்வீடுகளாக வடிவெடுத்தது. பர்மாத் தேக்கு தூணாயிற்று. இத்தாலியப் பளிங்கு தரையாயிற்று. அரைத்த சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவையும் கடுக்காயையும் சேர்த்துப் பூசிய சுவர்கள் இன்றும் மெருகு குலையாமல் நிற்கின்றன. அயல்நாட்டுப் பொருள்களோடு நம் ஊர்க் கைவினையும் போட்டியிட்டது. ஆத்தங்குடிக் கைவினைஞர் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றிச் செய்த தரைக்கற்கள் அதற்குச் சான்று.

ஆயினும் என் சிந்தையைக் கவர்வது அலங்காரமன்று, அமைப்பு. முகப்பைக் கடந்தால் திறந்த முற்றத்தோடு கூடிய வளவு. அதைச் சூழ்ந்து அறைகள். மணமான மகனும் அவன் மனைவியும் ஒரு ‘புள்ளி’. அவர்களுக்கென ஓர் அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. வளவோ அனைவருக்கும் பொது; குடும்பத்தின் சடங்குகள் அங்கேதான் நடந்தேறின. உறவு முறியாதிருக்க வேண்டுமாயின் எதைப் பகிர்வது, எதைப் பகிராதிருப்பது என்பதை அவ்வீட்டைக் கட்டியவர் அறிந்திருந்தனர்.

இவ்வீடுகளின் கதைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. 1930இல் உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை சரிந்தது. பர்மிய உழவரால் கடனை அடைக்க இயலவில்லை. நகரத்தார் நாடியது பணத்தையே. வந்து சேர்ந்ததோ நிலம். 1930களின் இறுதியில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு விளைநிலம் அவர்கள் கைக்கு வந்திருந்தது. நிலமிழந்தோரின் கசப்பும் உடன் வளர்ந்தது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியது. 1948இல் விடுதலை பெற்ற பர்மா, நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. செல்வத்தின் ஊற்று வறண்டது. தேக்குத் தூணை வியந்து தடவும் நாம், ஐராவதிக் கரையில் நிலமிழந்த உழவனையும் நினைப்பதே நேர்மை.

பின்னர்ப் பல வீடுகள் பூட்டப்பட்டன. தலைமுறைதோறும் பங்காளிகள் பெருகினர்; பழுதுபார்க்கவும் விற்கவும் அனைவரின் இசைவும் தேவைப்பட்டது. இடிக்கப்பட்ட வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு வந்தன. சில வீடுகள் விடுதிகளாயின. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. இன்றும், ஆண்டெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீடு ஒரு திருமணத்திற்காகத் திறக்கப்படுவதுண்டு. அன்று வளவு நிறைகிறது. வீடு மீண்டும் வீடாகிறது.

இன்று நாமும் கடன் வாங்கியேனும் நம் விருப்பப்படி வீடு கட்டுகிறோம். பிள்ளைக்கோர் அறை, அறைக்கொரு தொலைக்காட்சி எனத் திட்டமிடுகிறோம். தனி அடுப்புக்கு இடம் ஒதுக்குவது எளிது. வரைபடத்தில் கையொப்பமிடுமுன் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்வோம்: நம் வீட்டில் வளவு எங்கே?